ப்ரீபயாடிக் நார்ச்சத்து குடல் பாக்டீரியாக்களின் சமநிலையை எப்படி மாற்றுகிறது?

அகத்தேடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு வாரங்களுக்கு முன் சிக்கரி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இன்யூலின் என்ற ப்ரீபயாடிக் நார்ச்சத்துத் தூளை உட்கொள்ளத் தொடங்கினேன். நெடுநாள் மலச்சிக்கல்தான் முதல் காரணம். குடலிலுள்ள ‘நல்ல’ பாக்டீரியாக்கள் இதனால் பெருகும் என்று பல இடங்களில் படித்தது இரண்டாவது காரணம். அவசரப்பட்டு முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், வெந்நீரில் கலந்து குடித்துவிட்டேன். நீர் சற்றே கலங்கலாக இருந்தது, நாவில் மெல்லிய இனிப்பு தங்கியது; குடிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் வயிறு உப்பி, இடுப்புப் பட்டையைத் தளர்த்தினால்தான் உட்கார முடியும் என்ற நிலை வந்தது. மூன்றாம் நாளே 3 கிராமாகக் குறைத்தேன்; அதன் பின் படிப்படியாக உப்புசம் அடங்கியது, மலச்சிக்கலும் ஓரளவு தளர்ந்தது.

இதற்கிடையே மலப் பரிசோதனை ஒன்றும் செய்துகொண்டேன். நல்ல பாக்டீரியாக்களில் ஒன்றாகச் சொல்லப்படும் பிஃபிடோபாக்டீரியம் ‘குறைவு’, நுண்ணுயிர்ச் சமநிலை ‘சீரற்றது’ என்று அறிக்கை சொல்கிறது. இந்தச் சமநிலை என்பது எதற்கும் எதற்கும் இடையிலானது என்று அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

என் கேள்விகள் மூன்று. இன்யூலின் உண்மையிலேயே நல்ல பாக்டீரியாக்களுக்கு மட்டும்தான் உணவாகிறதா? எனக்கு வந்த வாயு, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமா, தவறான உயிரிகள் பெருகுகின்றன என்பதற்கு அடையாளமா? சமநிலை என்ற சொல்லுக்கு அறிவியல் பொருள் ஏதும் உண்டா? அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

நொதிக்குடுவை எழுதியது:

குடல் நொதித்தலை ஆராயும் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குகிறேன்.

நலமாக உள்ள ஒருவரின் புதிய மலத்தை ஆக்சிஜன் நீக்கிய உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்டி, சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, ரப்பர் அடைப்பும் அலுமினிய மூடியும் இட்டு, 37 டிகிரி செல்சியஸில் வைப்போம். கரைசலில் ரெசசூரின் என்ற சாயம் சிறிது இருக்கும்; ஆக்சிஜன் உள்ளவரை இளஞ்சிவப்பாகத் தெரியும் நீர்மம், அது தீர்ந்ததும் அந்த நிறத்தை இழந்துவிடும். ஒரு குப்பியில் எதையும் சேர்ப்பதில்லை, இரண்டாவதில் செல்லுலோஸ், மூன்றாவதில் இன்யூலின். சில மணி நேரம் கழித்து அடைப்பின் வழியே ஊசியைச் செலுத்தினால், முதல் இரண்டு குப்பிகளிலும் ஊசிக்குழாயின் தண்டு ஏறத்தாழ அசையாமல் நிற்கும். இன்யூலின் குப்பியில் மட்டும் யாரும் இழுக்காமலே தண்டு மேலேறும். பிஎச் அளவும் அங்கேதான் சரியும். அமிலத்தன்மை சட்டென மாறாமல் காக்கும் தாங்குகரைசல் போதாமல் போனால் மறுநாள் காலைக்குள் 5.5-க்குக் கீழே போய்விடும். தங்கள் வயிற்றில் அன்று மாலை நிகழ்ந்ததும் இதுவே.

ஏன் இப்படி? இன்யூலின் என்பது ஃபிரக்டோஸ் அலகுகள் பீட்டா 2-1 பிணைப்பால் கோக்கப்பட்ட சங்கிலி. இரண்டிலிருந்து அறுபது அலகுகள் வரை நீளும். அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. கார்போஹைட்ரேட்டைச் செரிக்க நம் மரபணுத்தொகுதி தருவது ஏறத்தாழ 17 நொதிகள் மட்டுமே. 2003-இல் மரபணு வரிசை வெளியான பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற ஒரே ஒரு குடல் பாக்டீரியத்திடம் அவ்வகை வெட்டு நொதிகள் 200-க்கும் மேல் உள்ளன. ஆகவே இன்யூலின் சிறுகுடலைக் கடந்து, ஏறத்தாழ முழுமையாகப் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது.

அங்கே அதை யார் உண்பது என்பதில்தான் போட்டி. பாக்டீராய்டிஸ் இனங்கள் நீண்ட சங்கிலியைத் தம் வெளிச்சவ்விலேயே பற்றி நறுக்கி, துண்டுகளை உள்ளே இழுக்கின்றன. பிஃபிடோபாக்டீரியம் பெரும்பாலும் குறுகிய சங்கிலிகளை அப்படியே உள்ளே வாங்கி, செல்லுக்குள் வைத்து வெட்டுகிறது. அதனால் சிந்திச் சிதறி அண்டையார்க்குப் போவது குறைவு. குறுஞ்சங்கிலி இன்யூலினும் அதே வகைக் குறுஞ்சங்கிலியான ஃபிரக்டோ ஆலிகோசாக்கரைடும் (ஆலிகோஃபிரக்டோஸ் என்பதும் இவ்வகையே) பிஃபிடோவை அவ்வளவு தெளிவாகப் பெருக்குவதற்கு இது முக்கியக் காரணம். 1995-இல் கிப்சனும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு 15 கிராம் ஆலிகோஃபிரக்டோஸ் 15 நாட்கள் உட்கொண்டவர்களின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியம் பெருகியதைக் கண்டார்கள். அதே விளைவைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இப்போது தங்கள் இரண்டாவது கேள்வி. பிஃபிடோபாக்டீரியம் சர்க்கரையை அசிட்டேட், லாக்டேட் என்ற அமிலங்களாக மாற்றுகிறது; ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதில்லை. எனவே தங்கள் வயிற்றை உப்ப வைத்த வாயுவின் பெரும்பகுதி வேறு உயிரிகள் தந்தது. அவை தீயவை என்று எண்ணிவிட வேண்டாம். குடற்சுவருக்கு மிக நன்மை தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உருவாக்கும் பாக்டீரியாக்கள் பல, அதை உருவாக்கும் வழியிலேயே ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் வெளிவிடுகின்றன. இன்யூலின் தங்கள் குடலில் பலரைச் சென்றடைந்தது என்பதற்கு அந்த வாயு சான்று. அதற்கு மேல் அதை வைத்து நல்லது கெட்டது என்று எதையும் தீர்மானிக்க முடியாது.

உணவுக்கணக்கு எழுதியது:

நொதிக்குடுவை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. உணவியல் ஆலோசகர் என்ற வகையில், சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலரும் நார்ச்சத்து, ப்ரீபயாடிக் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள்.

ப்ரீபயாடிக் என்ற கருத்தை 1995-இல் கிப்சனும் ரோபர்ஃபிராயும் முன்வைத்தார்கள். அப்போது அது, செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள ஒன்று அல்லது சில பாக்டீரியாக்களை மட்டும் தேர்ந்து ஊக்குவித்து, உடலுக்கு நன்மை செய்யும் உணவுக்கூறைக் குறித்தது. ப்ரோபயாடிக், ப்ரீபயாடிக் குறித்த பன்னாட்டு அறிவியல் சங்கத்தின் வல்லுநர் குழு 2016 இறுதியில் கூடி, 2017-இல் வெளியிட்ட வரையறை இன்னும் விரிந்தது: மனிதரோடு வாழும் நுண்ணுயிர்கள் தேர்ந்து பயன்படுத்துவதும், அதனால் உடலுக்கு நலம் சேர்ப்பதுமான பொருள். இதன்படி ப்ரீபயாடிக் என்பது கார்போஹைட்ரேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மறுபுறம், செல்லுலோஸ் நார்ச்சத்துதான். ஆனால் மனிதக் குடலில் அது மிகக் குறைவாகவே நொதிக்கிறது. இசப்கோல் உமி நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. அதன் பயனுக்கு நொதித்தல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஒருவர் நார்ச்சத்து நிறைய எடுக்கிறேன் என்று சொன்னால், அவருடைய பாக்டீரியாக்கள் நிறைய உண்கின்றன என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. மலச்சிக்கலே முதன்மைக் குறை என்றால் அதற்கென எடுக்கும் நாரும், நுண்ணுயிர்களை மாற்றுவதற்கென எடுக்கும் நாரும் வெவ்வேறாக இருக்கலாம். இன்யூலின் விஷயத்தில் இரண்டும் ஓரளவு ஒன்றுகூடுகின்றன: சிக்கரி இன்யூலினை நாளொன்றுக்கு 12 கிராம் எடுத்தால் மலம் கழிக்கும் தடவைகள் கூடும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்டது.

எண்வழி எழுதியது:

நான் டிஎன்ஏ வரிசைத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்பவன். அந்தப் பரிசோதனை அறிக்கையைப் பற்றி வலுவாகவே சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இத்தகைய அறிக்கைகளைப் பார்த்து வீணாக அஞ்சுவோரை அடிக்கடி காண்கிறேன்.

அந்த அறிக்கை தருவது விகிதங்கள் மட்டுமே. மலத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, மொத்த வரிசைகளில் ஒவ்வோர் இனத்துக்கும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு மாதிரியில் நூறு பங்கு பாக்டீரியா, அதில் பத்துப் பங்கு பிஃபிடோ. அதாவது 10 விழுக்காடு. ஏதோ காரணத்தால் மற்ற தொண்ணூறும் பாதியாகக் குறைந்து நாற்பத்தைந்தாகிவிட்டால், பிஃபிடோ ஒன்றுகூடப் பெருகாமலேயே 18 விழுக்காடாகிவிடும். அறிக்கையோ ‘பிஃபிடோ ஏறத்தாழ இருமடங்கு’ என்று சொல்லும். மலத்தின் ஒரு கிராமில் உள்ள செல்களை உண்மையில் எண்ணி, அதனோடு விகிதத்தைப் பெருக்கிப் பார்க்கும் முறையை 2017-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எண்ணிப் பார்த்தபோது விகிதம் சொன்ன கதைகள் சில மாறின. நுகர்வோருக்கு விற்கப்படும் சோதனைகள் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

ஃபெர்மிக்யூட்டிஸ், பாக்டீராய்டிட்டிஸ் என்ற இரு பெருந்தொகுதிகளின் விகிதத்தைச் சமநிலையின் அளவுகோலாகக் காட்டும் வழக்கமும் உண்டு. முதல் தொகுதிக்குள்ளேயே பியூட்டிரேட் தரும் ஃபீக்காலிபாக்டீரியமும் இருக்கிறது, வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரே எண் தந்து என்ன அறிய முடியும்? உடற்பருமனோடு இவ்விகிதத்துக்கு உள்ளதாகச் சொல்லப்பட்ட தொடர்பும் பின்வந்த ஆய்வுகளில் சீராக நிற்கவில்லை.

இன்னொன்று: நார்ச்சத்து எடுத்தால் நுண்ணுயிர்ப் பன்மை, அதாவது குடலிலுள்ள இனங்களின் வகைப்பெருக்கம், உயரும் என்ற பரவலான நம்பிக்கை. நலமான பெரியவர்களிடம் நடந்த 64 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வில், நார்ச்சத்து, குறிப்பாக ஃபிரக்டான்களும் (இன்யூலின் வகையினவை) காலக்டோ ஆலிகோசாக்கரைடுகளும் (காலக்டோஸ் சர்க்கரையின் குறுஞ்சங்கிலிகள்), பிஃபிடோபாக்டீரியத்தையும் லாக்டோபேசில்லஸையும் கூட்டின, பன்மையோ மாறவில்லை. ஓர் உணவைக் கொட்டி அதை விரும்புவோரைப் பெருக்கினால், எண்ணிக்கையில் அவர்கள் ஓங்குவார்கள். பன்மை சில வேளை சற்றுக் குறையவும் கூடும். அதைக் கேடு என்று அஞ்சத் தேவையில்லை, ஆனால் பன்மையை உயர்த்தவே இன்யூலின் எடுக்கிறேன் என்பவர் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அகத்தேடல் எழுதியது:

எண்வழி ஐயா, தங்கள் கணக்கைத் தாளில் இருமுறை போட்டுப் பார்த்தேன். அறிக்கையை எடுத்து வைத்துவிட்டேன். விகிதமும் வேண்டாம், பன்மையும் வேண்டாம் என்றால், சமநிலை என்று எதைத்தான் சொல்வது? அப்படி ஒன்று இல்லவே இல்லையா?

நொதிக்குடுவை எழுதியது:

இருக்கிறது, ஆனால் தராசின் இரு தட்டுகளைப் போல நல்லவை ஒருபுறம், கெட்டவை மறுபுறம் என்று நிறுத்துப் பார்க்க முடியாது. யார் யாருக்கு உணவளிக்கிறார்கள், அந்த உணவோட்டத்தின் கடைசியில் குடற்சுவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் முக்கியச் செய்தி இதுதான், ஆகவே சற்று நீண்டு எழுதுகிறேன்.

பிஃபிடோபாக்டீரியம் பியூட்டிரேட்டை உருவாக்குவதே இல்லை. அப்படியிருந்தும், இன்யூலின் கொடுத்தால் பிஃபிடோவும் பெருகுகிறது, பலரிடம் பியூட்டிரேட்டும் கூடுகிறது. நீண்ட நாள் புதிராக இருந்த இதைக் கலப்பு வளர்ப்புச் சோதனைகள் விடுவித்தன. பிஃபிடோ கழித்துவிட்ட லாக்டேட்டை அனேரோஸ்டைப்பிஸ் போன்றவை உண்டு பியூட்டிரேட் ஆக்குகின்றன. அசிட்டேட்டை ஃபீக்காலிபாக்டீரியமும் ரோஸ்பூரியாவும் எடுத்துக்கொண்டு அதையே ஆக்குகின்றன. லாக்டேட் தேங்கிவிட்டால் குடற்சூழல் அளவுக்கு மீறிப் புளித்துவிடும்; அதை உண்போர் இருப்பதால்தான் தேங்குவதில்லை. வெளியேறும் ஹைட்ரஜனைக்கூட மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்ற ஆர்க்கியா (பாக்டீரியா அல்லாத வேறு வகை நுண்ணுயிர்) மீத்தேனாக மாற்றுகிறது. நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனும் ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடும் ஒரே ஒரு மூலக்கூறு மீத்தேனாகச் சுருங்குவதால் வாயுவின் கன அளவே குறைகிறது.

இந்தத் தொடரில் முதல் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிறுவனம் தந்த சான்று எனக்கு மிகப் பிடித்தமானது. செரிமானத்துக்குத் தப்பும் மாவுச்சத்தை, அதாவது எதிர்ப்பு மாவுச்சத்தை, 14 ஆண்களுக்குக் கொடுத்தபோது பெரும்பாலோரிடம் அது நொதித்துத் தீர்ந்தது. இருவரிடம் மட்டும் பாதிக்கும் மேல் அப்படியே மலத்தில் வெளியேறியது. அவ்விருவரிடமும் ரூமினோகாக்கஸ் புரோமி என்ற இனம் மிக அரிதாக இருந்தது. மாவுச்சத்து மணியின் இறுகிய பரப்பை முதலில் உடைப்பது அந்த இனம். ஆய்வகத்தில் அத்தகைய மாதிரியோடு ரூமினோகாக்கஸ் புரோமியைச் சேர்த்தபோது நொதித்தல் மீண்டது. மற்ற பாக்டீரியாக்களிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லாமல் இல்லை. இறுகிய மணியை உடைத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவே. இத்தகைய இனத்தைத் தலைக்கல் என்று அழைப்பது பொருத்தம் என்பேன்: வளைவின் உச்சியில் உள்ள அந்த ஒரு கல்லை எடுத்தால் மற்ற கற்களும் நிற்பதில்லை.

இனி குடற்சுவர். பெருங்குடலில் உருவாகும் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் மூன்றும் ஏறத்தாழ 60:20:20 என்ற விகிதத்தில் உள்ளன. இவற்றில் பியூட்டிரேட்டைப் பெருங்குடல் உட்பரப்புச் செல்கள் தாமே எரித்து, தம் ஆற்றலில் 60 முதல் 70 விழுக்காடு வரை பெறுகின்றன. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். இரத்தத்திலிருந்து வரும் ஆக்சிஜனை அவை அங்கேயே செலவழித்துவிடுவதால் குடலின் உட்புறம் ஆக்சிஜன் அற்றதாக நீடிக்கிறது. 2017-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், நுண்ணுயிர்க்கொல்லியால் பியூட்டிரேட் தருவோரை அழித்தபோது அச்செல்கள் வேறு எரிபொருளுக்கு மாறி, ஆக்சிஜனும் நைட்ரேட்டும் குடலின் உட்புறத்துக்குக் கசிந்தன. அவற்றைச் சுவாசிக்கத் தெரிந்த ஈ. கோலை குடும்பத்தவை பெருகின. கெட்டவை என நாம் அழைப்பவற்றை நார்ச்சத்து நேரே கொல்வதில்லை. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜன் குடலுக்குள் கசியாமல், குடற்சுவரின் வழியாகத் தடுக்கிறது. சமநிலை என்று நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

நாடித்துடிப்பு எழுதியது:

குடல்நோய் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். நொதிக்குடுவை எழுதியது அருமை. ஆயினும் நோயாளியின் பக்கத்திலிருந்து சில எச்சரிக்கைகளைச் சேர்க்க வேண்டும்.

வாயு உருவாவதும் அதை வலியாக உணர்வதும் வெவ்வேறு. எரிச்சல் குடல் நோய்க்குறி உள்ள பலருக்கு வாயுவின் அளவு மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது. குடலின் நரம்புகள்தான் அதைக் கூடுதலாக உணர்கின்றன. அத்தகையோருக்கு, விரைவாக நொதிக்கும் குறுஞ்சங்கிலி கார்போஹைட்ரேட்டுகளைக் குறைக்கும் உணவுமுறையைப் பரிந்துரைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய இம்முறையால் பலருக்கு வலியும் உப்புசமும் தணிகின்றன. அங்கேதான் சிக்கல். அது விலக்கும் பொருள்களில் இன்யூலினும் ஃபிரக்டோ ஆலிகோசாக்கரைடும் காலக்டோ ஆலிகோசாக்கரைடும் அடங்கும். லண்டனில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, நான்கே வாரங்களில் இவர்களின் பிஃபிடோபாக்டீரியம் குறைந்ததைக் காட்டியது. நோயாளி நலமடைந்தார், பிஃபிடோ குறைந்தது. இரண்டும் ஒருசேர நடந்தன. அதனால்தான் கடும் விலக்கை நீட்டிக்காமல், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின் உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறோம்.

நொதித்தலை நாங்கள் மருந்தாகவே பயன்படுத்தும் இடமும் உண்டு. ஈரல் செயலிழந்து, அம்மோனியா மூளையைத் தாக்கி, நோயாளி நினைவு குழம்பிக் கிடக்கும்போது லாக்டுலோஸ் பாகு கொடுப்போம். அது பெருங்குடலில் நொதித்து அமிலமாகிறது. அந்த அமிலத்தில் அம்மோனியா அம்மோனியமாக மாறி, இரத்தத்துக்குத் திரும்ப முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. முந்தைய நாள் மகளின் பெயர் தெரியாமல் விழித்தவர், மறுநாள் மாலை அவளைப் பெயர் சொல்லி அழைத்துத் தண்ணீர் கேட்டதை வார்டில் நின்று பார்த்திருக்கிறேன். செரிக்காத ஒரு சர்க்கரை, குடல் பாக்டீரியாக்களின் வழியாக அவ்வளவு செய்தது.

அதே வலிமையின் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் எதிர்ப்பில் மரபணுக் குறை கொண்டு குடல் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே சீர்குலைந்திருந்த எலிகளுக்கு இன்யூலின் செறிந்த உணவை நீண்ட நாள் கொடுத்தபோது, சிலவற்றுக்கு மஞ்சள் காமாலையும் ஈரல் புற்றும் வந்தன. மனிதருக்கு இப்படி நேரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் தூய்மைப்படுத்திய ஒரே நாரை, யாருடைய குடல் எப்படியிருக்கிறது என்று பாராமல், அளவின்றி உட்கொள்வது தீங்கற்றது என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். குடல் சுருங்கியவர்களும், குடல் அழற்சி நோய் தீவிரமாக உள்ளவர்களும், சிறுகுடலில் பாக்டீரியா மிகுந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

உணவுக்கணக்கு எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்ன ‘தூய்மைப்படுத்திய ஒரே நார்’ என்ற சொற்றொடரை நான் பற்றிக்கொள்கிறேன். தூளைவிட முழு உணவே மேல் என்பது என் உறுதியான கருத்து. 2016-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், மனிதக் குடலிலிருந்து தேர்ந்த 14 பாக்டீரிய இனங்களை மட்டும் கொண்ட எலிகளுக்கு நாரே இல்லாத உணவு கொடுத்தபோது, ஆக்கர்மான்சியா மியூசினிஃபிலா உள்ளிட்ட சில இனங்கள் குடற்சுவரின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்து, நோய்க்கிருமி எளிதில் சுவரை எட்டியது. நாம் உணவு தராவிட்டால் அவை நம்மையே உண்கின்றன. கவனிக்க வேண்டியது இதுதான்: தூய ப்ரீபயாடிக் நார்களைக் கலந்து கொடுத்தபோது அந்த அரிப்பு நிற்கவில்லை, தாவரங்களின் முழு நார் கொடுத்தபோதே படலம் காப்பாற்றப்பட்டது. தாவரச் செல்சுவரில் பெக்டின், அராபினோசைலான், பீட்டா குளூக்கான் என்று பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; அந்தப் பின்னலைப் பிரிக்கப் பலர் கூட வேண்டும், நேரமும் ஆகும். ஆகவே நொதித்தல் பெருங்குடலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடாமல் கடைசிவரை நீள்கிறது.

எண்வழி எழுதியது:

உணவுக்கணக்கு அம்மாவின் கருத்தில் பாதியோடு உடன்படுகிறேன். மீதிப் பாதிக்கு மனிதச் சான்று அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு முழு உணவுகளின் வழியாகவே நார்ச்சத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியது. மற்றொரு குழு நொதித்த உணவுகளைக் கூட்டியது. பத்து வாரங்களுக்குப் பின் பன்மை உயர்ந்தது நொதித்த உணவுக் குழுவில். நார் குழுவில் உயரவில்லை. நார் குழுவில் அழற்சிக் குறிகள் ஆளுக்கு ஆள் வெவ்வேறாக மாறின. தொடக்கத்திலேயே பன்மை மிகுந்திருந்தவர்களுக்கே அவை தணிந்தன.

அதற்கு எலி ஆய்வு ஒன்று விளக்கம் தரக்கூடும். மனித நுண்ணுயிர்களைக் கொண்ட எலிகளைத் தலைமுறை தலைமுறையாக நார் குறைந்த உணவில் வளர்த்தபோது இனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான்காம் தலைமுறைக்கு நாரைத் திரும்பக் கொடுத்தும் அவை மீளவில்லை. மறைந்த இனங்களை நாரோடு சேர்த்துக் கொடுத்தபோதே மீண்டன. இல்லாதவருக்கு எவ்வளவு சமைத்து வைத்தாலும் வந்து உண்ணப் போவதில்லை.

மேலும், தூய நார் என்பதாலேயே அது மழுங்கிய கருவி ஆகிவிடுவதில்லை. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேதிமுறையில் மாற்றிய எதிர்ப்பு மாவுச்சத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மக்காச்சோளத்திலிருந்து வந்தது யூபாக்டீரியம் ரெக்டாலேயையும் பியூட்டிரேட்டையும் கூட்டியது. மரவள்ளியிலிருந்து வந்தது பாராபாக்டீராய்டிஸ் டிஸ்டாசோனிஸையும் புரோப்பியோனேட்டையும் கூட்டியது. இரண்டும் மாவுச்சத்துதான், மூலக்கூறு அமைப்பில் இருந்த வேறுபாடு மட்டுமே வெவ்வேறு உயிரிகளைத் தேர்ந்தது. விளைவும் நாளொன்றுக்கு 35 கிராம் அளவில் உச்சம் தொட்டு நின்றது.

உணவுக்கணக்கு எழுதியது:

ஏற்கிறேன். நார்ச்சத்து என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கி எடைபோடுவதில்தான் என் வாதமும் இடறியது. சளிப்படலம் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. மனிதரிடம் அதை அளக்கும் ஆய்வுகள் பெருக வேண்டும்.

அகத்தேடல் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது 5 கிராம், காலையும் மாலையும் பாதிப் பாதியாக எடுக்கிறேன், உப்புசம் இல்லை. முழு உணவுகளிலிருந்து வரும் நாரையும் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டத் தொடங்கியிருக்கிறேன். எஞ்சியிருப்பவை இரண்டு ஐயங்கள். உப்புசம் அடங்கியதற்கு அளவு குறைந்தது மட்டும் காரணமா, குடல் பழகிக்கொண்டதும் காரணமா? பயணம் அல்லது நோய் காரணமாக நிறுத்திவிட்டால், பெருகியவை அப்படியே தங்குமா?

நொதிக்குடுவை எழுதியது:

இரண்டும் காரணம். சில வாரங்கள் ஒரே நாரைத் தொடர்ந்து கொடுக்கும்போது, அதை வாயு குறைவாக வெளியிட்டு உண்பவை, பிஃபிடோ உட்பட, பெருகி அதிகப் பங்கை எடுத்துக்கொள்கின்றன. வெளிவரும் ஹைட்ரஜனைப் பயன்படுத்துவோரும் தழைக்கலாம். அதே அளவு நாருக்கு முதல் வாரத்தில் வந்த வாயு, பின்னர் குறைவதைத் தன்னார்வலர்களிடம் அளந்தே கண்டிருக்கிறார்கள். இதற்கு நாட்கள் வேண்டும் என்பதால்தான், 2 அல்லது 3 கிராமில் தொடங்கி, வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு கிராமாகக் கூட்டச் சொல்வது.

நிறுத்தினால் தங்காது. ஓரிரு வாரங்களிலேயே பிஃபிடோவின் எண்ணிக்கை பழைய அளவை நெருங்கிவிடும். ஆனால் அவை அழிந்து போவதில்லை. சிறு தொகையாகக் குடலிலேயே தங்கியிருக்கும். ஆகவே பயணம் முடிந்து திரும்பியதும் பழையபடி 5 கிராமிலேயே தொடங்க வேண்டாம்; இடைவெளி இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், மீண்டும் 2 கிராமிலிருந்து ஏறுங்கள்.